நம்ம காடு வருதுங்களா?

அரியலூர்ப் பக்கம் வெட்டவெளியில் கழுத்தில் கருவியைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிற ஆளை ஊர் மூன்று வகையாகத்தான் பிரிக்கும். சிமெண்ட் ஆலைக்கு நிலம் பார்க்க வந்தவர், தவணை தவறிய வண்டியைத் தூக்க வந்த ஃபைனான்ஸ்காரர், புதையல் ஆசாமி. குருவி பார்க்கிறவர் என்று நாலாவது வகை ஒன்று உண்டென்பதைக் கல்லங்குறிச்சி ஏற்றுக்கொள்ளவே வெகுகாலம் பிடித்தது. இப்போதும் ஏற்றுக்கொண்டது வாயளவில்தான்.

வாத்தியார் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பெயர் உண்டு, ஆனால் ஊரில் யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. ஓய்வுக்குப் பின் கைக்கு வந்த பணத்தில் முதல் செலவாக ஒரு பைனாகுலர் வாங்கினார். விருந்தாளிகள் இருக்கும்போது அவர் மனைவி அதைத் 'தூரக்கண்ணாடி' என்பார். ஆள் இல்லாத நேரத்தில் அதற்கு வேறு பெயர். பங்குனி பிறந்துவிட்டால் வாத்தியார் விடியுமுன் மொபெட்டைச் சத்தமில்லாமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய், அங்கே கிளப்பி, மேட்டாங்காட்டுக்குப் போய்விடுவார். மானாவாரி நிலம். அறுத்து முடிந்த சோளத்தின் தட்டைக்கட்டை, வேலிக்கருவை, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பனை, அதற்கப்பால் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த பள்ளம். அவ்வளவுதான் காட்சி. அந்த வெறுமையைப் பார்த்து அவர் வாய் பிளந்து நிற்பதைக் கண்டால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

"என்ன சார், அளக்குறீங்களா? நம்ம காடு வருதுங்களா?"

கேட்டவர் குரலில் பயமும் ஆசையும் சரிபாதி. இந்த மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. 1979இல் அரசு சிமெண்ட் ஆலை வந்தது; தனியார் ஆலைகளும் வரிசையாக நிற்கின்றன. நிலம் 'வருவது' என்றால் பணம் வருவது, நிலம் போவது, இரண்டும் சேர்ந்தது.

"இல்லீங்க. வானம்பாடி பாக்குறேன்."

"அது எந்த ஊரு கம்பெனிங்க?"

பறவை பார்க்கத் தோதான காலம் எது என்று புத்தகங்களைக் கேட்டால் மார்கழி, தை என்று சொல்லும். தப்பில்லை. அரியலூருக்குத் தெற்கே கரைவெட்டி ஏரி இருக்கிறது. புள்ளம்பாடி வாய்க்கால் கொண்டுவரும் தண்ணீரில் நிறைகிற 453 ஹெக்டேர் சரணாலயம், 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வரித்தலை வாத்து இமயமலைக்கு அப்பாலிருந்து அங்கே வந்து இறங்கும். அந்த வாத்து மலையைக் கடக்கும்போது 7,000 மீட்டருக்கும் மேலே பறக்கிறது என்பதைக் கருவி கட்டிவிட்டு அளந்திருக்கிறார்கள். அப்பேர்ப்பட்டது வருகிறதென்றால் கார்களும் வரும், முழ நீளக் கேமராக்களும் வரும். 2015 முதல் பொங்கல் விடுமுறையில் நடக்கிற பறவைக் கணக்கெடுப்புக்கும் கூட்டம் சேரும். பங்குனி வாக்கில் வாத்து கிளம்புகிறது. அதன் பின்னாலேயே கார்களும்.

வாத்தியாரின் வாதம் இங்கேதான் தொடங்குகிறது. வாத்து நம்மிடம் வருவது தின்பதற்கும் தூங்குவதற்கும் மட்டும். காதல், சண்டை, கூடு, பிள்ளை வளர்ப்பு எல்லாவற்றையும் அது திபெத்திலும் மங்கோலியாவிலும் வைத்துக்கொள்கிறது. மார்கழியில் கரைவெட்டிக்குப் போகிறவர் விருந்தாளியைப் பார்த்துவிட்டு வருகிறார். சித்திரையில் மேட்டாங்காட்டுக்குப் போகிறவருக்குத்தான் குடும்பம் கண்ணில் படும். நம் ஊர்ப் பறவைகள் பாதிக்கு மேல் தங்கள் வாழ்க்கையின் முக்கியமான காரியங்களை வெயிலில்தான் செய்கின்றன. அந்த நேரத்தில் பறவை ஆர்வலர்கள் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து மார்கழியில் எடுத்த படங்களைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 'மூர்' என்று ஒரு நிலம் உண்டு. மேட்டில் கிடக்கும், மரமிருக்காது, ஹெதர் என்கிற குத்துச்செடி படர்ந்திருக்கும், காற்று ஓயாது. ஏப்ரல், மே மாதங்களில் அங்கே ஆள்காட்டியும் வானம்பாடியும் கர்லூ என்கிற நீளமூக்குப் பறவையும் தரையிலே முட்டையிடும். அதைப் பார்க்க மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, பிளாஸ்கில் தேநீரோடு ஜனங்கள் போவார்கள். அந்த மூன்றும் இன்று பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் இருக்கின்றன என்பதால் போகிறவர்கள் கவலையோடுதான் போகிறார்கள். அதே மாதங்களில் அதே வேலையை அதே பறவைகளின் பங்காளிகள் கல்லங்குறிச்சியிலும் செய்கின்றன. அங்கே குளிரும் சாரலும். இங்கே கத்திரி வெயில். நம்மூர்ப் பங்காளிக்கு யாரும் பிளாஸ்க் கட்டிக்கொண்டு வருவதில்லை.

மேட்டாங்காட்டின் முதல் மரியாதை மஞ்சள்மூக்கு ஆள்காட்டிக்குத்தான். கண்ணுக்கு முன்னால் மஞ்சள் தோல் மடிப்பு, தலையில் கறுப்புத் தொப்பி, நீண்ட மஞ்சள் கால். ஏரிக்கரையிலும் வயலோரத்திலும் ஊரைக் கூட்டுகிற சிவப்புமூக்கு ஆள்காட்டியின் தம்பி. ஆனால் தண்ணீர்ப் பாசம் இல்லாத தம்பி. வறண்ட நிலமே இதற்கு இஷ்டம். அதிலும் வறண்ட பருவத்திலேயே முட்டையிடும். கூடு என்று பெரிதாக எதுவும் கிடையாது. தரையில் லேசாக ஒரு குழி, சுற்றிச் சில கற்கள், நடுவில் நாலு முட்டை. முட்டையின் நிறம் மண்ணின் நிறம்.

வாத்தியார் ஒருநாள் அப்படி ஒரு குழியைக் கண்டார். கண்டார் என்பது மிகை. ஆடு மேய்க்கிற ஆயா காட்டினார். "வாத்தியாரே, காலை அங்க வெக்காத" என்று ஒரு சத்தம். வலது காலைத் தூக்கியபடி கொக்கு மாதிரி நின்ற வாத்தியாருக்கு முதலில் வெறும் சரளைதான் தெரிந்தது. அப்புறம் சரளையில் நாலு மட்டும் வழவழப்பாக இருப்பது தெரிந்தது. அதற்கும் அப்புறம் சுற்றி வைத்திருந்த கற்களைப் பார்த்தார். பாதி, கல்லே இல்லை. சிப்பி. வளைந்த, தடித்த, வரிவரியான சிப்பித் துண்டுகள்.

கல்லங்குறிச்சி மண்ணில் இது அதிசயமில்லை. இந்தப் பகுதி ஏறக்குறைய ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் கடல். சிமெண்டுக்காக வெட்டுகிற சுண்ணாம்புக்கல்லே அந்தக் கடலின் தரைதான்; அதில் சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. புவியியல் நூல்களில் அந்தப் பாறை அடுக்குக்குக் 'கல்லங்குறிச்சிப் படிவம்' என்றே பெயர். உலகத்தில் எத்தனையோ பெரிய ஊர்களுக்குக் கிடைக்காத பெருமை. ஊர்க்காரர்களில் அதைப் பற்றிப் பெருமைப்பட்டவர் ஒருவரையும் வாத்தியார் இதுவரை பார்த்ததில்லை. ஆலைக்குப் போனால் மூட்டைக்குள் போயிருக்க வேண்டிய அந்தக் கடல்சிப்பியை ஆள்காட்டி தன் வீட்டுக்கு வேலி வைத்திருந்தது.

ஆயாவின் யோசனைப்படி வேலிக்கருவை நிழலில் தள்ளிப்போய் உட்கார்ந்து பார்த்தார்கள். பகல் பதினொன்றரை. தரையில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. அந்தத் தரையில் கிடக்கிற முட்டை வெந்துபோகாதா? பொதுவாகப் பறவை முட்டைமேல் உட்காருவது சூடேற்ற. இந்த வெயிலில் இது உட்காருவது சூட்டைத் தடுக்க. சில நேரம் உட்காருவதுகூட இல்லை, முட்டைக்கு மேல் நின்று நிழல் கொடுக்கிறது. கொஞ்ச நேரத்தில் எழுந்து விடுவிடுவென்று நடந்து, பறந்து, குவாரிப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் இறங்கி, வயிற்றை அழுத்தி நனைத்துக்கொண்டு திரும்பி வந்து, ஈர வயிற்றோடு முட்டைமேல் அமர்ந்தது. திரும்பவும் போனது. திரும்பவும் வந்தது.

"துணி நனைச்சுப் போடுற மாதிரி போடுது பாரு" என்றார் ஆயா. அவருக்கு இது செய்தியே இல்லை.

அறிவியலுக்கு இது செய்தியாக இருந்திருக்கிறது. பிரிட்டனின் பெரும் உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1957இல் இந்தியாவுக்கே குடிபெயர்ந்து கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். அவரிடம் பணியாற்றிய சுரேஷ் ஜெயகரும், ஹால்டேனின் மனைவியும் விலங்கியலாளருமான ஹெலன் ஸ்பர்வேயும் இந்த மஞ்சள்மூக்கு ஆள்காட்டியை வெயிலில் காத்துக்கிடந்து கவனித்து 1960களில் கட்டுரைகள் எழுதினார்கள். வறண்ட பருவத்தில் ஏன் கூடு வைக்கிறது, சூட்டை எப்படிச் சமாளிக்கிறது என்பதெல்லாம் அதில் வரும். உலகம் போற்றிய மூளைகள் செய்த வேலையைத்தான் தானும் செய்வதாக வாத்தியார் அன்று இரவு வீட்டில் விளக்கினார். மனைவி கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"அந்தம்மா வெயில்ல போயி உக்காந்துட்டாங்க, சரி. வீட்ல சமையல் யாரு செஞ்சா?"

இதற்கு விடை எந்தக் கட்டுரையிலும் இல்லை.

வானம்பாடி பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். சிமெண்ட் கம்பெனி அல்ல என்று நிரூபிப்பதற்காகவாவது. சாம்பல்தலை வானம்பாடி சிட்டுக்குருவியைவிடச் சிறியது. ஆணுக்கு மேலே சாம்பல், கீழே முழுக்கக் கறுப்பு. உட்கார்ந்தால் ஒரு மண்ணாங்கட்டி. வெயில் ஏற ஏற அதற்கு உற்சாகம் ஏறும். சிறகடித்து மேலே மேலே போகும், சிறகை மடக்கித் தலைகுப்புற விழும், தரையைத் தொடுமுன் சுதாரித்து மறுபடி ஏறும். விழும்போது நீளமாக ஒரு சீழ்க்கை. இதெல்லாம் புழுதியில் எங்கோ உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணுக்காக. அவள் நிமிர்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

பைனாகுலரோடு நிற்காமல் வாத்தியார் காலத்துக்கேற்ப முன்னேறினார். பேரன் விடுமுறைக்கு வந்தபோது கைப்பேசியில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். பறவை கத்தினால் போதும், கேட்டுவிட்டு இன்ன பறவை என்று சொல்லிவிடும். வாத்தியார் அதை ஆயாவிடம் காட்டப் போனது ஒரு தற்பெருமைதான். மைனாக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. எங்கிருந்தோ கீச்சென்று ஒரு வல்லூறின் குரல். மைனாக்கள் போட்டது போட்டபடி பறந்தன. செயலியும் உடனே வல்லூறு படத்தைக் காட்டியது. வாத்தியார் படத்தை ஆயாவின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

ஆயா படத்தைப் பார்க்கவே இல்லை. கருவை உச்சியில் உட்கார்ந்திருந்த கரிச்சானைப் பார்த்துக் கையை நீட்டினார். "அந்த ரெட்டவாலு பண்ற வேலை. வல்லூறு மாதிரி கத்தி மைனாவை விரட்டிட்டு, அது போட்டுட்டுப் போனதைத் திங்கும்." சொல்லி வாய் மூடுமுன் கரிச்சான் இறங்கி எதையோ கொத்திக்கொண்டு திரும்பியது.

இது கிழவியின் கதை அல்ல. கரிச்சான் வல்லூறின் குரலைப் பாவித்து மைனாக்களைக் கலைத்து இரையைப் பறிப்பதைப் பறவையியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கூடு வைத்திருக்கிற காலத்தில் கரிச்சானின் துணிச்சல் இன்னும் கூடும். பருந்தையே முதுகில் கொத்தி எல்லை கடத்திவிட்டு வரும். அந்தப் பாதுகாப்பை நம்பி அதே மரத்தில் சிறுபறவைகள் கூடு கட்டும். அடியாளின் பக்கத்துவீட்டில் குடியிருப்பது லாபம் என்பது பறவைகளுக்கும் தெரிந்திருக்கிறது.

"உங்களுக்கு இதெல்லாம் எப்படி ஆயா தெரியும்?"

"நீங்க என் பேரனைக் கணக்குப் போடலைன்னு முட்டி போட வெச்சீங்கல்ல, அந்த நாளெல்லாம் நான் இங்கதான் இருந்தேன்."

வாத்தியார் செயலியை மூடி, கைப்பேசியைப் பையில் வைத்தார்.

இதே மண்ணில் பறவை பார்த்தலின் பெரிய சாதனை வானத்தில் நிகழவில்லை. மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிற கல்லமேட்டில், டைனோசர் காலத்துக் கடைசிப் பாறை அடுக்கில் ஒரு சின்னப் பல் கிடைத்தது. அது ட்ரூடான்ட்டிட் என்கிற டைனோசர் குடும்பத்தின் பல் என்று 2013இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியானது. அந்தக் குடும்பம் பறவைகளுக்கு மிக நெருங்கிய உறவு. தென்கண்டங்களில் அப்படி ஒன்று இருந்ததற்கு அதுவரை தடயம் காட்டப்பட்டதில்லை. உலகமே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அரியலூரில் ஒரு பல்லை வைத்துப் பறவையின் பெரியப்பாவைக் கண்டுபிடித்தார்கள் என்று வாத்தியார் டீக்கடையில் சொன்னார். "பல்லுள்ள கோழியா? கறி கெட்டியாத்தான் இருந்திருக்கும்" என்பதோடு கடை அந்த விவாதத்தை முடித்துக்கொண்டது.

எந்தப் பறவையைக் காட்டினாலும் ஊர் கேட்கிற இரண்டாவது கேள்வி 'திங்கலாமா' என்பதுதான். கௌதாரி, காடை விஷயத்தில் அந்தக் கேள்விக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. 1972 வனவிலங்குச் சட்டத்தை வாத்தியார் எடுத்துச் சொல்வார். சொன்னதும் அவர் மறுபடியும் சர்க்கார் ஆள் ஆகிவிடுவார்.

ராமநவமியோடு கல்லங்குறிச்சியின் முகமே மாறிவிடும். கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் அன்றுதான் பெருந்திருவிழா தொடங்குகிறது. இந்தப் பெருமாளுக்கு வழக்கமான சிலை வடிவம் கிடையாது. அனுமன் உருவத்தோடு நெடிதுயர்ந்த ஒரு கல்தூண்தான் மூலவர். விளைந்ததில் ஒரு பங்கைப் பெருமாளுக்கு என்று எடுத்துவைத்துக் கொண்டுவந்து கொட்டுவது சுற்றுவட்டாரத்துக் குடியானவர்களின் வழக்கம். நெல், சோளம், கம்பு, கேழ்வரகு என்று மூட்டைகள் வந்து இறங்கும். மூட்டை இருக்கும் இடத்தில் சிந்தல் இருக்கும். சிந்தல் இருக்கும் இடத்தில் சிட்டுக்குருவி, புறா, சில்லை எல்லாம் ஆஜர். சிட்டுக்குருவி அழிந்தேபோயிற்று என்று நகரத்தில் மேடை போட்டு அழுகிறவர்களைத் திருவிழாவன்று இங்கே அழைத்துவரலாம். காலை வைக்க இடம் இருந்தால்.

ஒரு தேர்த்திருவிழாவன்று வாத்தியார் கூட்டத்துக்குள் நின்றபடி மேலே பார்த்தார். பழக்கதோஷம். பைனாகுலரும் கண்ணுக்குப் போனது. பக்கத்தில் நின்றவர் வாத்தியாரைப் பார்த்தார், மேலே பார்த்தார்.

"கருடன்!"

அவ்வளவுதான். நூறு முகம் மேலே நிமிர்ந்தது. கைகள் தலைக்குமேல் கூடின. "கோவிந்தா! கோவிந்தா!" குரல் தேர்முட்டி வரை போய்த் திரும்பியது. ஓர் அம்மாள் கண்ணில் நீர் வைத்துவிட்டார். பைனாகுலருக்குள் வாத்தியாருக்குத் தெரிந்தது வேறு. கருடன் என்று நாம் கும்பிடுகிற செம்பருந்துக்குத் தலையும் மார்பும் வெள்ளை, உடம்பு செங்காவி, வால் நுனி வட்டம். மேலே சுற்றிக்கொண்டிருந்ததோ முழுக்கப் பழுப்பு, வால் நுனி பிளவு. சந்தையில் மீன்கூடைமேல் பாய்கிற சாதாரணக் கள்ளப்பருந்து. அன்னதானப் பந்தல் எச்சில் இலைக்கு வந்திருக்க வேண்டும்.

அறிவியல் உண்மையை அந்த இடத்திலேயே வெளியிடுவதா என்று வாத்தியார் யோசித்ததாகச் சொல்கிறார். சுற்றிலும் ஒருமுறை பார்த்தாராம். பிறகு பைனாகுலரை இறக்கிவிட்டு மற்ற எல்லாரையும்விடச் சத்தமாகக் கோவிந்தா போட்டாராம். அவர் வாழ்நாளில் எடுத்த மிகச் சரியான முடிவு இதுவாகத்தான் இருக்கும்.

பனங்காடையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் வாத்தியாருக்குச் சிரிப்பு வராது. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும்போது மங்கலான ஒரு பழுப்புப் பறவை. பறக்கச் சிறகை விரித்த நொடியில் நீலத்தில் இத்தனை நீலமா என்றாகிவிடும். பங்குனி, சித்திரையில் ஆண் பனங்காடை உயரே ஏறி, கரகரவென்று கத்திக்கொண்டே உருண்டு புரண்டு கீழே வரும். கூடு வைப்பது பட்ட மரத்துப் பொந்தில்; இந்தப் பக்கம் பெரும்பாலும் தலை போன பனையில். பனை சூளைக்குப் போனால் பொந்தும் சேர்ந்து போகும். மூன்று கோடிப் பதிவுகளை வைத்து 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, பன்னிரண்டு ஆண்டுகளில் பனங்காடை 30 விழுக்காடு குறைந்திருக்கிறது என்கிறது. தலை போன பனை எதற்கும் உதவாது என்றுதான் நிலத்துக்காரர் நினைக்கிறார். உதவும் என்று எழுதிக்கொடுக்க வாத்தியாரிடம் ஏதும் பத்திரம் இல்லை. அதனால் ஒருவரிடம் பேரம் பேசி, 'சூளைக்காரர் என்ன விலை கொடுப்பாரோ அதை நான் கொடுத்துவிடுகிறேன், மரம் நிற்கட்டும்' என்று பணமும் கொடுத்திருக்கிறார். இது வீட்டுக்குத் தெரியாது. இந்தப் பத்திரிகை அந்த வீட்டுக்குப் போகாது என்ற நம்பிக்கையில்தான் இங்கே எழுதப்படுகிறது.

அதே அறிக்கையில் மயில் ஒன்றரை மடங்குக்கும் மேல் கூடியிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க அறிக்கை தேவையில்லை என்பது பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளக்காரர்கள் கட்சி. விதைத்ததைக் கிளறுகிறது, முளைத்ததைக் கிள்ளுகிறது, கதிரானால் குடும்பத்தோடு வருகிறது. 1963 முதல் தேசியப் பறவை. சட்டத்தில் முதல் அட்டவணைப் பாதுகாப்பு. போதாததற்கு முருகன் வாகனம். கல்லெறியக்கூட மூன்று இடத்தில் அனுமதி வாங்க வேண்டும். தோகை விரித்து ஆடுவதைச் சித்திரை, வைகாசியில் மேட்டாங்காட்டில் ஆற அமரப் பார்க்கலாம். பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் ஆகா என்பார்கள். காட்டுக்காரர், "புடிச்சிருந்தா ரெண்டு எடுத்துட்டுப் போங்க" என்பார்.

இப்படியெல்லாம் பேசினாலும் தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு இரக்கம் இல்லையென்று சொல்ல வாத்தியார் விடமாட்டார். உடனே பொத்தகுடியை எடுப்பார். சிவகங்கை மாவட்டம். 2020இல் தெருவிளக்கு சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டி முட்டையிட்டுவிட்டது. சுவிட்சைப் போட்டால் கூடு கலையும். ஊர் பேசி முடிவெடுத்து, குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை ஒரு மாதத்துக்கும் மேலாகத் தெருவிளக்கே போடாமல் இருட்டில் நடந்தது. செய்தித்தாள்கள் கொண்டாடின. வாத்தியார் இதை டீக்கடையில் உருக்கமாகச் சொல்லி முடித்தபோது, பக்கத்தூர்க்காரர் ஒருவர் கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க தெருவுல குருவி இல்லாமலேயே மாசக்கணக்கா எரியலீங்க. எங்களை யாரும் பேப்பர்ல போடலையே."

வைகாசி வந்தால் வாத்தியார் அவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை. பறவை வீட்டுக் கொல்லைக்கே வந்துவிடும். வேப்பமரத்தில் காக்கைக் கூடு; காக்கைக் கூடு இருந்தால் குயில் இருக்கும். விடியற்காலை நாலு மணிக்கே ஒரு குயில் கூவ ஆரம்பித்து, சுருதியை ஏற்றிக்கொண்டே போய் உச்சத்தில் நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நம் சினிமாக்காரர்கள் குயிலைப் பெண்ணாகவே பாடவைத்துப் பழகிவிட்டார்கள், கூவுவது ஆண். கன்னங்கறுப்பு, சிவப்புக் கண். பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளிபோட்டு, சத்தமில்லாமல் இலைக்குள் உட்கார்ந்திருப்பாள். காக்கை இல்லாத நேரத்தில் கூட்டில் முட்டையை வைத்துவிட்டுப் போய்விடுவாள். குயில்முட்டை காக்கைமுட்டைக்கு முன்பே பொரிந்துவிடும். சில நாட்டுக் குயில்கள்போல் இது மற்றக் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து தள்ளிவிடுவதில்லை என்பது ஒரு ஆறுதல். சாப்பாட்டில் மட்டும் முந்திக்கொள்ளும். கூட்டைவிட்டு வெளியே வந்த பிறகும் வாயைத் திறந்துகொண்டு காக்கையின் பின்னாலேயே திரியும். காக்கையும் ஊட்டிக்கொண்டே இருக்கும்.

அப்படியொரு வைகாசி அமாவாசை. வாத்தியாரின் மனைவி குளித்து, சமைத்து, வாழையிலைத் துண்டில் சோறும் பருப்பும் நெய்யும் எள்ளும் வைத்துக் கொல்லைச் சுவரில் வைத்து, கா கா என்று கூப்பிட்டார். மாமனாருக்கான சோறு. மாமனார் உயிரோடு இருந்த காலத்தில் அவ்வளவு பிரியத்தோடு கூப்பிட்டதாக வாத்தியாருக்கு நினைவில்லை. அதை அவர் சொல்லவும் இல்லை. காக்கை வந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஒரு வாய் எடுத்தது. எடுத்ததைத் தின்னாமல் முருங்கைக் கிளைக்குத் தாவியது. அங்கே சிறகை உதறிக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்த குஞ்சின் வாயில் திணித்தது.

"பாவம், புள்ளைக்கு ஊட்டுது" என்றார் மனைவி.

"அது அதோட புள்ளை இல்ல. குயில் குஞ்சு."

வாத்தியார் அதோடு நிறுத்தியிருக்கலாம். கணக்கு வாத்தியார் ஆனதால் வழிமுறைகளை எழுதிக் காட்டாமல் விடையை மட்டும் சொல்லிப் பழக்கமில்லை. முட்டை வைப்பது, முன்னால் பொரிப்பது, காக்கை ஏமாறுவது, குயில் எண்ணிக்கை நாட்டில் 75 விழுக்காடு கூடியிருப்பது வரை விளக்கினார். விளக்க விளக்க மனைவியின் முகம் மாறியது. காக்கை அதற்குள் நாலு நடை போய்வந்துவிட்டது. இலையில் பாதிச் சோறு முருங்கைக்குப் போயிருந்தது.

"அப்ப நான் வெச்ச சோறு மாமாவுக்குப் போகலையா?"

இது பறவையியலுக்கு அப்பாற்பட்ட கேள்வி. தர்ப்பணம் செய்துவைக்க வருகிற சாஸ்திரிகளிடம் போனது. அவர் கூடம் வரை வந்து, எட்டி முருங்கைமரத்தைப் பார்த்து, குஞ்சையும் காக்கையையும் நிதானமாகக் கவனித்தார்.

"காக்கா வாயில எடுத்துடுத்தோ இல்லியோ, அப்பவே சேர்ந்துடுத்தும்மா. அதுக்கப்புறம் அவர் யாருக்குக் குடுக்கறார்ங்கறது அவர் இஷ்டம். உங்க மாமனார் கை தாராளம்னு ஊருக்கே தெரியுமே."

மனைவி சமாதானமாகிவிட்டார். அடுத்த அமாவாசையிலிருந்து சுவரில் ஒரு பிடி கூடுதலாகவே வைக்கிறார். கூடுதல் பிடி மாமனார் கணக்கா, குயில் கணக்கா என்று கேட்ட வாத்தியாரிடம், "நீங்க போய் உங்க ஆள்காட்டியைப் பாருங்க" என்று தூரக்கண்ணாடியை அவரே எடுத்துக் கொடுத்தார்.